பாத்திரத்தில் வெட்ட முடிகிற பெயர்

குறிச்சி சிட்கோவைத் தாண்டிப் பின்பக்கச் சாலையில் திரும்பினால் அந்தச் சமையல்கூடம். வாசலில் பெயர்ப்பலகை இல்லை. பழைய பலகையைக் கழற்றி மதில் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். புதுசு இன்னும் வந்தபாடில்லை. விடிகாலை நாலரைக்கு நான் போய் நின்றபோது மில் ஷிப்டுக்கான இட்லி வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. வண்டியின் ஒரு பக்கம் பழைய பெயர், மறுபக்கம் வெறும் வெள்ளைப் பெயின்ட்.

மூன்று தலைமுறைத் தொழில். தாத்தா கோவை வட்டாரத்தில் கல்யாணச் சமையல் செய்தவர். மகன் பஞ்சாலை கேன்டீன்களைப் பிடித்தார். பேத்தி படித்துவிட்டு வந்து கல்லூரி விடுதி, ஆஸ்பத்திரி, ஐ.டி. கம்பெனி என்று விரித்திருக்கிறார். இப்போது பெயரையும் மாற்றி, வெப்சைட்டையும் அடியோடு புதுசாக்குகிறார்கள். புதுப் பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டிருக்கிறது. பதிவு முடியும்வரை அச்சில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பழைய பெயரும் புதுப் பெயரும் இந்தக் கட்டுரையில் கிடையாது.

“வெப்சைட் வேலையெல்லாம் மாடியில நடக்குதுங்க. ஆனா மொதல்ல கீழ ஒரு சுத்து பாத்துட்டு மேல வந்துருங்க” என்றார் பேத்தி. டிசைன் செய்யும் பையனையும் இப்படித்தான் கீழேயே நிறுத்தினாராம். அவன் கையில் லேப்டாப்போடு வந்தவன். அதை மாடியில் வைக்கச் சொல்லிவிட்டு, தலைக்கு வலைத்தொப்பி மாட்டி, இட்லி இறக்குகிற இடத்தில் நிற்க வைத்திருக்கிறார்.

நானும் தொப்பி மாட்டிக்கொண்டேன். பாய்லரிலிருந்து வரும் நீராவிக் குழாய் சுவரோடு ஓடுகிறது. அலமாரி போல நிற்கும் ஸ்டீமரில் தட்டுத் தட்டாக இட்லி. பக்கத்தில் சாய்த்துக் கவிழ்க்கிற பெரிய கிரைண்டர்கள் வரிசையாக. வெட் கிரைண்டர் இந்த ஊரின் சொந்தச் சரக்கு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. பழைய வெப்சைட்டில் அதன் படம் ஒன்றுகூட இல்லை என்று பின்னால் தெரிந்தபோது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பேக்கிங் பகுதியில் ஒரு அம்மா சாம்பார் கேனுக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். 65 டிகிரிக்குக் கீழே இருந்தால் கேன் வண்டி ஏறக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. அவருக்குப் பின்னால் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். அதற்குள் கைப்பிடி அளவு டப்பாக்கள்: இட்லி, சாம்பார், சட்னி, நேற்றைய புளிசாதம், பொரியல். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், எந்த வண்டி என்று எழுதிய ஸ்டிக்கர். யாருக்காவது வயிறு சரியில்லை என்று புகார் வந்தால் பரிசோதனைக்கு அனுப்ப எடுத்து வைக்கிற சாம்பிள். பெரிய கேன்டீன்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் வெளியே யாருக்கும் தெரியாது.

“இந்த ஃப்ரிட்ஜ்தாங்க எங்க புது வெப்சைட்டோட மொதல் போட்டோ” என்றார் பேத்தி.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாடிக்குப் போனதும் பார்த்தால் நிஜமாகவே அதுதான்.

மாடியில் முதலில் பழைய தளத்தைக் காட்டச் சொன்னேன். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் யாரோ செய்துகொடுத்தது. முகப்பில் ஒரு காலத்தில் ஃப்ளாஷ் படம் ஓடியிருக்கிறது: விளக்கு எரிந்து, தட்டு சுழன்று, பெயர் பறந்து வருகிற மாதிரி. 2020 டிசம்பர் 31-உடன் அடோப் நிறுவனம் ஃப்ளாஷுக்கு மங்களம் பாடிவிட்டது. அதற்குப் பிறகு முகப்பில் ஒரு வெற்றுச் சதுரம் மட்டும் நின்றிருக்கிறது. ஓனர் வீட்டில் யாரும் தங்கள் தளத்தைத் தாங்களே திறந்து பார்க்கிற வழக்கம் இல்லாததால் அது தெரியவே இல்லை. சதுரத்துக்குக் கீழே உயரமான வெள்ளைத் தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சமையல்காரர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். கீழே சமையல்கூடத்தில் அப்படி ஒரு தொப்பியை ஒருவர் தலையிலும் நான் பார்க்கவில்லை. மெனுவைத் தொட்டால் ஃப்ளெக்ஸ் பேனரை ஸ்கேன் செய்த பி.டி.எஃப். ஒன்று இறங்குகிறது, போனில் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். போன் நம்பரைப் படமாகப் போட்டிருந்தார்கள். அதைத் தொட்டால் போன் போகாது. பார்த்து மனப்பாடம் செய்து அடிக்க வேண்டும்.

உணவு உரிமத்தின் எண் எங்கேயும் இல்லை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுக்கிற அந்த 14 இலக்க எண்ணை 2022 ஜனவரி முதல் பில்லிலும் கட்டாயம் போட வேண்டும். பில்லில் போட்டிருக்கிறார்கள், கீழே சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். தளத்தில் மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

இந்த இடத்தில் பேத்தி ஒரு பழைய கோடுபோட்ட நோட்டை எடுத்து வைத்தார். இந்த மாற்றத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த நோட்டுதான். டிசைன் வேலை தொடங்குவதற்கு முன்னால், ஆபீஸில் போன் எடுக்கிற பெண்ணிடம், யார் கூப்பிட்டு என்ன கேட்டாலும் ஒரு வரி எழுதி வை என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் எழுதியதை நானும் புரட்டினேன். ‘ஆடி மாசம் கடைசியில சீமந்தம், 150 பேர், செய்வீங்களா.’ ‘காங்கேயம் வரைக்கும் வருவீங்களா.’ ‘பரிமாற ஆளு நீங்களே அனுப்புவீங்களா, நாங்க பாக்கணுமா.’ ‘லைசென்ஸ் காப்பி மெயில் பண்ணுங்க.’ ‘வெங்காயம் பூண்டு இல்லாம முடியுமா.’ ‘ஒரு எலை எவ்வளவு.’ பக்கம் பக்கமாக இதேதான். நிறுவனத்தின் தொலைநோக்கு என்ன, குறிக்கோள் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பழைய தளத்தில் முக்கால் பக்கம் அதுதான் இருந்தது.

நோட்டைப் பிரித்துப் பார்த்ததில் இரண்டு வகை ஆட்கள் தெரிந்திருக்கிறார்கள். ஒருவர் கல்யாண வீட்டுக்காரர். தேதி, ஆள் கணக்கு, மண்டபம், இலையா பஃபேயா, இவைதான் அவர் கவலை; ராத்திரி பத்து மணிக்கு மேல் போனில் பார்ப்பார். இன்னொருவர் கம்பெனி ஹெச்.ஆர். அதிகாரி. அவர் பகலில் கம்ப்யூட்டரில் பார்ப்பார், பார்த்ததை மேலதிகாரிக்கு அனுப்புவார். அவருக்கு உரிமம், சாம்பிள் வைக்கிற முறை, ஒரு நாளைக்கு எத்தனை சாப்பாடு போட முடியும், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, ஆட்களின் மருத்துவச் சான்று வேண்டும்.

இந்த இரண்டாம் வகை ஆட்கள் இனிமேல் கூடத்தான் போகிறார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆவது பிரிவு 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்குத்தான் கேன்டீன் கட்டாயம் என்று விதிக்க இடம் கொடுத்தது. 2020-ல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 100-க்கு இறக்கியது. கேன்டீன் என்றால் என்னவென்றே பழக்கமில்லாத சின்னக் கம்பெனிகளின் ஹெச்.ஆர். ஆட்கள் முதலில் தேடுகிற இடம் போன்தான். அப்போது கண்ணில் படுவது வெள்ளைத் தொப்பிக்காரரா, தேதி ஒட்டிய டப்பாக்கள் அடுக்கிய ஃப்ரிட்ஜா என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

புதுத் தளத்தின் முகப்பில் அதனால் இரண்டே வாசல். ‘விசேஷம்’, ‘கேன்டீன்’. விசேஷத்துக்குள் போனால் ஐந்து கேள்வி: தேதி, ஊர், எத்தனை பேர், எந்த வேளை, போன் நம்பர். டிசைனர் முதலில் கொண்டுவந்த படிவத்தில் பின்கோடு, பிறந்த தேதி எல்லாம் இருந்திருக்கிறது. சாப்பாடு கேட்கிறவரிடம் பிறந்த தேதி எதற்கு? கேட்கிற தகவல் எதற்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு சொல்கிறது. கேட்காமல் விட்டால் பாதுகாக்கிற வேலையே இல்லை.

இனி பெயர்.

பழைய பெயர் குலதெய்வத்தின் பெயர். அதே பெயரில் கோவையைச் சுற்றி மெஸ், பேக்கரி, சமையல் கான்ட்ராக்டர், பாத்திர வாடகைக் கடை என்று ஏகப்பட்டது உண்டு. ஒருவர் மேல் வருகிற புகார் இன்னொருவர் தலையில் விழுகிறது. கூகுளில் இவர்கள் பெயரைத் தேடினால் வேறு ஊர் மெஸ்ஸின் ஒரு நட்சத்திர விமர்சனம் மேலே வந்து நிற்கும். டிரேட்மார்க்கில் உணவுச் சேவைக்கு 43-ஆவது வகுப்பு. அதில் இலவசமாகத் தேடிப் பார்க்க அரசுத் தளமே இருக்கிறது. தேடியபோது இந்தப் பெயரும் இதையொட்டிய பெயர்களும் வரிசையாக வந்து விழுந்திருக்கின்றன. எல்லோருக்கும் பொதுவான பெயரை ஒருவர் தனக்கென்று வளைத்துக்கொள்ள முடியாது என்பதில் நீதிமன்றமும் கண்டிப்பு. ‘ராமாயண்’ என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொன்னது.

பெரியவர், அதாவது பேத்தியின் அப்பா, இதற்குச் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. “எங்கப்பாரு வெச்ச பேருங்க. பேரை மாத்துனா கைராசி போயிரும்ன்னு என்ற சம்சாரமே சொல்லுச்சு.” மகளைப் பார்த்து, “நீயே சொல்லு கண்ணு, நா எத்தனை நா பேசாம இருந்தேன்னு” என்றார். மகள் சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை. கடைசியில் தெய்வத்தின் பெயர் கம்பெனியின் சட்டப்பூர்வப் பெயரில் அப்படியே இருக்கட்டும், வண்டியிலும் தளத்திலும் பலகையிலும் புதுப் பெயர் வரட்டும் என்று முடிவாகியிருக்கிறது. நல்ல முடிவு என்றே சொல்வேன். சட்டப்பூர்வப் பெயரும் பான் எண்ணும் மாறாததால் ஜி.எஸ்.டி. பதிவில் வணிகப் பெயரை மட்டும் திருத்தினால் போதும். மாறிய 15 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பான் மாறினால் எல்லாமே முதலிலிருந்து. மில்களில் வெண்டர் பதிவு, வங்கிக் கணக்கு, டெபாசிட் என்று இழுத்துக்கொண்டே போகும்.

இந்தத் தொழிலில் உலகப் பெரிய ஆட்களே பெயரோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1966-ல் பிரான்சின் மார்செய் நகரில் பியர் பெலோன் தொடங்கிய கேன்டீன் நிறுவனம் 2008-ல் தன் பெயரின் நடுவே இருந்த ஒரு ஹெச் எழுத்தை எடுத்துவிட்டு சொடெக்ஸோ ஆனது. நம் ஊர் ஐ.டி. ஆட்களுக்கு அந்தப் பெயர் சாப்பாட்டுக் கூப்பனாகத்தான் பழக்கம். அந்தக் கூப்பன் பிரிவும் 2023-ல் ப்ளக்ஸி என்று மாறிவிட்டது. ஆனாலும் கடையில் ‘சொடெக்ஸோ எடுத்துக்குவீங்களா’ என்று கேட்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். கம்பெனி மாற்றினாலும் வாய் மாற நாளாகும். அதனால் இவர்கள் தளத்தில் பழைய பெயரும் ஒரு வரியில் இருக்கிறது: இன்னாராக இருந்தவர்கள்தான் நாங்கள் என்று. பழைய பெயரைப் போட்டுத் தேடுகிறவரும் வந்து சேர வேண்டுமே.

டிரேட்மார்க் செலவு பெரிதில்லை. தனி ஆளோ சிறு நிறுவனமோ ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. இதழில் வெளியான பிறகு யாராவது ஆட்சேபிக்க நான்கு மாத அவகாசம். பதிவானால் 10 வருஷம், பிறகு புதுப்பிக்கலாம். அதுவரை லோகோ பக்கத்தில் டி.எம். போடலாம், வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது. டிசைனர் பையன் ஆர் போட்டு வைத்திருந்தான், பார்க்க அழகாக இருக்கிறது என்று. எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

லோகோ விஷயம் மாடியில் முடியவில்லை. கீழேதான் முடிந்தது. கல்யாண மண்டபத்தில் இரண்டு மூன்று சமையல் கோஷ்டியின் பாத்திரங்கள் கலந்துவிடும். சாம்பார் வாளி, ஜல்லிக் கரண்டி, குண்டா, எதையும் விட்டுவிட்டு வந்தால் போனது போனதுதான். அதனால் ஒவ்வொரு பாத்திரத்திலும் பெயர் வெட்டியாக வேண்டும். அதற்கென்று ஒருவர் வருகிறார். நான் போன அன்று வராந்தாவில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். பேனா அளவில் கையில் அதிர்கிற மிஷின். முன்பெல்லாம் சுத்தியலும் உளியும்தான். சுற்றிலும் குவியலாக வாளிகள். டிசைனர் பையன் முதலில் கொண்டுவந்த லோகோவில் மூன்று நிறம், ஒன்றிலிருந்து ஒன்று கரைந்து போகிற மாதிரி. மேலே மூன்று இழையாக ஆவி. அதை அச்சடித்து இவர் கையில் கொடுத்தபோது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “ஏனுங் தம்பி, இந்தப் பொகையை எங்கீங்க வெட்டறது?”

அன்றைக்கே ஆவி போய்விட்டது. நிறக் கரைசலும் போய்விட்டது. இப்போது இருப்பது வெறும் தமிழ் எழுத்து, ஒரே கனத்தில், சுழி உள்ளுக்குள் அடைபடாமல். ஒரு நிறத்தில் நிற்கும். வாளியில் வெட்டலாம், சட்டைப் பையில் தைக்கலாம், வண்டியில் ஸ்டென்சில் வைத்து அடிக்கலாம், போனில் நகக்கண் அளவு ஐகானாகச் சுருக்கினாலும் முதல் எழுத்து தெரியும். பெரிய ஏஜென்சிகள் பக்கம் பக்கமாக வழிகாட்டி எழுதிக் கேட்கிற அத்தனை சோதனையையும் பெயர் வெட்டுகிறவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். என் எதிரிலேயே ஒரு வாளியில் வெட்டிக் காட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

தமிழ் எழுத்தே லோகோவானதில் இன்னொரு சௌகரியம். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்ட விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக வர வேண்டும். பல கம்பெனிகள் ஆங்கில லோகோ செய்துவிட்டு, பலகைக்காக அதை எப்படியோ தமிழில் பிசைவார்கள். இங்கே அந்த வேலை மிச்சம்.

திரும்ப மாடிக்கு. தளத்தின் எழுத்துருவுக்கு முக்த மலரைத் தேர்ந்திருக்கிறார்கள். ஏக் டைப் என்ற குழு செய்தது, காசில்லாமல் பயன்படுத்தலாம். ஆங்கிலத்துக்குப் போட்ட கட்டங்களில் தமிழை ஊற்றினால் என்ன ஆகும் என்பதை அந்தப் பையன் பழைய படிகளில் காட்டினான். ஆங்கிலத்தில் குட்டியாக இருந்த பொத்தானில் ‘விலைப்பட்டியல் அனுப்புங்கள்’ என்று போட்டதும் எழுத்து வெளியே வழிந்திருக்கிறது. வரிக்கு வரி இடைவெளி குறைவாக வைத்ததில் மேல் வரியின் ‘ழு’ வால் கீழ் வரியின் ‘கீ’ சுழியில் இடித்திருக்கிறது. அவன் எழுத்தைச் சிறிதாக்கப் போனானாம், பேத்தி விடவில்லை. கல்யாண வீட்டில் போனைப் பார்ப்பது பெரும்பாலும் கண்ணாடி போட்ட பெரியவர்கள். பொத்தானைத்தான் பெரிதாக்கினார்கள். இளம் ஆரஞ்சில் வெள்ளை எழுத்து வைத்திருந்ததையும் மாற்றினார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று உலக அளவில் ஒரு இணைய அணுகல் விதி உண்டு. இளம் ஆரஞ்சு அதில் தேறாது. இப்போது கரும்பச்சை.

மெனுப் பக்கத்தில் சைவ, அசைவக் குறி. டிசைனர் எங்கிருந்தோ எடுத்த ஐகானில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, அசைவத்துக்குச் சிவப்புப் புள்ளி. பச்சை சிவப்பு பிரித்துப் பார்க்க முடியாத கண் உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் 2020-ன் லேபிள் விதிகளில் அசைவக் குறியைப் பழுப்பு வட்டத்திலிருந்து பழுப்பு முக்கோணமாக மாற்றினார்கள். பாக்கெட் உணவுக்கான விதி. ஆனால் தளத்திலும் முக்கோணமே போட்டிருக்கிறார்கள். பள்ளிபாளையம் சிக்கனுக்கு எதிரே முக்கோணம், அரிசிம்பருப்பு சாதத்துக்கு எதிரே வட்டம்.

படங்கள் எல்லாம் இங்கேயே எடுத்தவை. சந்தகை பிழிகிறது, ஒப்புட்டு தட்டுகிறது, பச்சைப்பயறு கடைகிறது. ஒரே ஒரு படத்தில் தகராறு வந்திருக்கிறது. தலைவாழை இலையில் முழு விருந்து, மேலிருந்து எடுத்த படம், கண்ணைப் பறிக்கிறது. தளத்தில் எழுத்து இடதுபக்கம் வருவதால் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறான் பையன். டிசைன் ஆட்கள் கை தானாகச் செய்கிற வேலை அது. அன்றைக்கு மாடிக்கு டீ கொண்டுவந்த பரிமாறும் அம்மா திரையைப் பார்த்துவிட்டு, “இதென்னுங் சாமி, எலையைத் திருப்பிப் போட்டிருக்குது” என்றிருக்கிறார். நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் வர வேண்டும். படத்தில் வலக்கைப் பக்கம். உப்பும் ஊறுகாயும் இடம் மாறி எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தன. கல்யாணச் சாப்பாடு போடுகிற கம்பெனிக்கு இலை போடத் தெரியவில்லை என்று அர்த்தம். எந்த மென்பொருளும் இந்தப் பிழையைச் சொல்லாது. இப்போது படம் சரியாக இருக்கிறது. எழுத்து வலதுபக்கம் போய்விட்டது.

சோதனை எதில் செய்கிறீர்கள் என்று கேட்டேன். பேக்கிங் பிரிவு அம்மாவின் போனில் என்றார்கள். கண்ணாடி கீறிய, விலை குறைந்த போன். அதில், சமையல்கூடத்தின் தடித்த சுவருக்குள், அரைகுறை சிக்னலில் திறந்து பார்த்தோம். முதன்மைப் படம் இரண்டரை நொடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கிற அளவு. கொஞ்சம் முன்னேபின்னே வந்தது. படங்களை வெப்பீ வடிவத்துக்கு மாற்றியதில் கனம் நன்றாகவே குறைந்ததாம். மெனு இப்போது பி.டி.எஃப். கிடையாது, எழுத்தாகவே இருக்கிறது; கூகுளும் படிக்கும், கண் தெரியாதவருக்குப் போனும் வாசித்துக் காட்டும். போன் நம்பரைத் தொட்டால் கூப்பிடுகிறது. வாட்ஸ்அப் பொத்தானும் உண்டு.

விலையைப் போடுவதா வேண்டாமா என்பதில்தான் அப்பாவும் மகளும் நான் இருக்கும்போதே முட்டிக்கொண்டார்கள். “போட்டிக்காரன் பாத்துட்டு ரெண்டு ரூவா கொறச்சுச் சொல்லுவான் அம்மிணி.” “அவங்களுக்கு இப்பவே தெரியும்ப்பா. தெரியாதது கஸ்டமருக்குத்தான்.” முடிவு பாதிக்குப் பாதி. கேன்டீனுக்கு விலை கிடையாது, பேசித்தான் சொல்ல முடியும். விசேஷத்துக்கு ‘ஒரு இலை இத்தனையிலிருந்து’ என்று மட்டும் வரும். என்னைக் கேட்டால் மகள் பக்கம்தான் நியாயம். அந்த நோட்டில் அதிகம் இருந்த கேள்வி ‘ஒரு எலை எவ்வளவு’. அதற்குப் பதில் சொல்லாத தளம் எத்தனை அழகாக இருந்தாலும் போன் எடுக்கிற பெண்ணின் வேலை குறையாது.

பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். 301 என்பார்கள் அதை. பழைய விசிட்டிங் கார்டு, தண்ணீர் பாட்டில் லேபிள், மில்களின் வெண்டர் பட்டியல் எல்லாவற்றிலும் பழைய முகவரிதானே இருக்கிறது. பழைய மெயில் ஐ.டி.யும் குறைந்தது இரண்டு வருஷம் ஓடும். பர்ச்சேஸ் ஆர்டர் அதில் வரும். வராமல் போனால் மறுநாள் ஷிப்டுக்கு எத்தனை சாப்பாடு என்பதே தெரியாது.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் பட்ட பாடுதான் எல்லாவற்றிலும் பெரிது. பழைய தளத்தைச் செய்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் மெயிலில் பதிவு செய்திருக்கிறார். வருஷா வருஷம் இவர்கள் பணம் கட்ட, அவர் புதுப்பித்திருக்கிறார். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது; அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் செய்தார்கள். இப்போது அவர் தொழிலை விட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கிறார், போன் நம்பர் மாறிவிட்டது. தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கிப் பெயர் மாற்றுவதற்குள் மற்ற எல்லா வேலையும் முடிந்துபோய்க் காத்திருந்திருக்கிறது. புதுப்பிக்கிற கெடு நடுவில் தவறியிருந்தால், பழைய பெயரை வேறு யாராவது வாங்கிக்கொண்டிருக்கலாம். அத்தனை வருஷத்து முகவரியும் மெயிலும் அவர்கள் கைக்குப் போயிருக்கும்.

ஆகவே மெஸ்ஸோ, கேட்டரிங்கோ, பேக்கரியோ நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், லோகோவுக்கு ஆள் பார்ப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த மெயிலில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதி ஆகிறது என்பதை விசாரியுங்கள். அதன் பாஸ்வேர்ட் உங்கள் கையில் இல்லையென்றால், செய்துகொடுத்தவர் இன்னும் போனை எடுக்கிற காலத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.